பாக்ஸ் எட்டு ஓம், செலக்டர் நாலு ஓம்: ஒரு வால்வு பேஸ் ஆம்ப் இரண்டு முறை போன கதை

பேஸ் கிட்டாருக்கான நூறு வாட் வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப் ஒன்று, அதே பழுதோடு இரண்டாம் முறை விழுந்தபிறகு என் பெஞ்சுக்கு வந்தது. முதல் முறை வேறொருவர் பார்த்திருக்கிறார். நான்கு பவர் வால்வுகளையும் புதிதாகப் போட்டு, பயாஸ் (சிக்னல் இல்லாதபோது வால்வில் ஓடும் மின்னோட்டத்தின் அளவு) சரிசெய்து கொடுத்திருக்கிறார். திறந்து பார்த்தேன், வேலை சுத்தமாகத்தான் இருந்தது. பயாஸ் மின்னோட்டமும் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. ஆனாலும் சில நிகழ்ச்சிகள் தாண்டுவதற்குள் புது வால்வுகளில் ஒன்று செத்துவிட்டது. போகும்போது உயர் வோல்டேஜ் சப்ளையின் ஃப்யூஸையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

புது வால்வு இவ்வளவு சீக்கிரம் போனால் பலரும் முதலில் வால்வைத்தான் குறை சொல்வார்கள். மட்டமான வால்வு வரத்தான் செய்கிறது, அதை மறுக்க முடியாது. ஆனால் பழைய செட்டும் புது செட்டும் ஒரே விதமாகப் போயிருந்தால், வால்வை அப்படி வேலை வாங்கியது எது என்று தேட வேண்டும். இந்த ஆம்பில் அந்தத் தேடல் மரப்பெட்டிக்குள் போய், ஒரு முழ நீளம்கூட இல்லாத ஒரு கம்பியில் முடிந்தது.

சரக்கு என்ன

ஹெட்டில் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப் பெட்டி) நான்கு 6550 வால்வுகள், புஷ்-புல் அமைப்பில், அதாவது இரு பக்கமும் மாறி மாறி இழுக்கும்படி, பக்கத்துக்கு இரண்டு. எலெக்ட்ரான்களை வாங்கும் முனையான பிளேட்டுக்கு சப்ளை சுமார் 450 வோல்ட். பின்பக்கம் இரண்டு ஸ்பீக்கர் ஜாக்குகளும், 4, 8, 16 ஓம் என்று மூன்று நிலை உள்ள ஒரு செலக்டரும். வாசிப்பவரிடம் பாக்ஸ் இரண்டு. ஒன்று, நான்கு பத்து அங்குல ஸ்பீக்கர்கள் உள்ள மூடிய பாக்ஸ். இன்னொன்று, பதினைந்து அங்குல ஸ்பீக்கர் ஒன்று உள்ள, போர்ட் (காற்றுத் துளை) வைத்த பாக்ஸ். இரண்டின் முதுகிலும் 8 ஓம் என்று அச்சடித்திருந்தது. கருவி ஐந்து கம்பி பேஸ். நாலு கம்பி பேஸின் அடிக்கம்பியான இ 41.2 ஹெர்ட்ஸில் நிற்கும். இவருடைய ஐந்தாவது கம்பி பி, 30.87 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். இந்தப் பத்து ஹெர்ட்ஸுக்கு இந்தக் கதையில் பெரிய வேலை இருக்கிறது.

புகார் அவர் வாயிலிருந்து வந்தபடியே:

"முன்ன மாதிரி சத்தம் இல்லண்ணே. கொஞ்சம் ஏத்தினா கரகரங்குது. சரி, வால்வு பழசாயிடுச்சுன்னு மாத்தினோம். அப்பவும் அப்படித்தான் இருந்துச்சு. அப்புறம் ஒரு பாட்டு நடுவுல டப்புன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான்."

"எந்த பாக்ஸ் போடுறீங்க தம்பி?"

"முன்ன ரெண்டும் போடுவேன். பதினஞ்சு இன்ச்சைத் தூக்கி மாளலைன்னு இப்பல்லாம் பத்து இன்ச் பாக்ஸ் மட்டும்தான்."

"செலக்டர்?"

"அதைத் தொடலை. நாலுலயேதான் இருக்கு. எட்டு ஓம் பாக்ஸை நாலு ஓம்ல போட்டா சேஃப்தானேண்ணே? கம்மி ஓம் போட்டாத்தானே ஆம்ப் போகும்?"

இது இவர் ஒருவருடைய நம்பிக்கை மட்டும் இல்லை. டிரான்சிஸ்டர் ஆம்ப் வைத்துப் பழகிய எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள், அந்த ஆம்புக்கு அது முழுக்கச் சரியும்கூட. டிரான்சிஸ்டர் ஆம்பின் பின்பக்கம் "குறைந்தபட்சம் 4 ஓம்" என்று இருந்தால் அதற்குக் கீழே போகக் கூடாது. மேலே எவ்வளவு போனாலும், ஒன்றுமே மாட்டாவிட்டாலும், அதற்குக் கவலை இல்லை. பவர் மட்டும் குறையும். வால்வு ஆம்பில் ஆபத்து இருக்கும் திசையே வேறு.

நடுவில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர்

வால்வுக்கு ஆயிரக்கணக்கான ஓம் லோடு வேண்டும். ஸ்பீக்கர் ஒற்றை இலக்க ஓம். இரண்டையும் சேர்த்து வைப்பது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். அதற்கென்று சொந்தமாக ஓம் கணக்கு கிடையாது, சுற்று விகிதம் மட்டும்தான். ஸ்பீக்கரின் இம்பீடன்ஸை (அதன் ஓம் அளவை) அந்த விகிதத்தின் வர்க்கத்தால் பெருக்கி வால்வுக்குக் காட்டும்.

இந்த ஆம்பின் வால்வுகள் இரண்டு பக்கப் பிளேட்டுகளுக்கும் இடையே 2000 ஓம் பார்க்க வேண்டும் என்று வடிவமைத்திருக்கிறார்கள். 4 ஓம் டேப்பில் (செலக்டரின் ஒவ்வொரு நிலையும் இணையும் சுருள் முனைதான் டேப்) சுற்று விகிதம் சுமார் 22.4, அதன் வர்க்கம் 500. 500-ஐ 4-ஆல் பெருக்கினால் 2000, கணக்கு சரி. அதே டேப்பில் 8 ஓம் பாக்ஸை மாட்டினால் வால்வு பார்ப்பது 4000. 16 ஓம் என்றால் 8000. செலக்டரில் "4 ஓம்" என்று எழுதியிருப்பதன் பொருள் இவ்வளவே: இங்கே 4 ஓம் வந்தால் மறுபக்கம் நான் 2000 காட்டுவேன். வேறு எதையாவது மாட்டினால் வேறு எதையாவது காட்டும்.

லோடு, அதாவது வால்வு பார்க்கும் ஓம், குறைந்தால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் எளிதில் பிடிபடும். மின்னோட்டம் கூடும், பிளேட் சூடேறும், வால்வின் ஆயுள் குறையும். ஓரளவுக்குள் இருந்தால் நல்ல டிரான்ஸ்ஃபார்மர் அதைத் தாங்கிக்கொள்ளும். லோடு கூடினால் நடப்பது அவ்வளவு வெளிப்படையாகத் தெரியாது. இரண்டு விஷயங்கள் ஒன்றாக நடக்கின்றன.

முதலாவது, பிளேட் வோல்டேஜ் சீக்கிரமே அடிமட்டத்துக்குப் போய்விடுகிறது. 2000 ஓம் லோடில், முழு மின்னோட்டம் ஓடினால்தான் பிளேட் 450-இலிருந்து நூறுக்குக் கீழே இறங்கும். 8000 ஓம் லோடில் அதில் கால்வாசி மின்னோட்டத்திலேயே இறங்கிவிடும். அதற்கு மேல், சிக்னல் நுழையும் கன்ட்ரோல் கிரிட்டில் எவ்வளவு கொடுத்தாலும் பிளேட்டால் கூடுதலாக எதையும் வாங்க முடியாது. ஆனால் கேத்தோடு எலெக்ட்ரான்களை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. பக்கத்தில் ஸ்கிரீன் கிரிட் அதே 450 வோல்டில் நிற்கிறது. பிளேட் வாங்காததெல்லாம் அங்கே போகிறது. ஸ்கிரீன் என்பது மெல்லிய கம்பிச் சுருள். 6550-க்கு அதன் வரம்பு 6 வாட்தான். 450 வோல்டில் 13 மில்லியாம்பியர் ஓடினாலே அந்த வரம்பு வந்துவிடும்.

இரண்டாவது, வோல்டேஜ் எகிறல். ஒரு பக்க வால்வு கீழே இழுக்கும்போது மறுபக்கப் பிளேட் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக மேலே ஏறும். சரியான லோடிலேயே அது சப்ளையின் இரு மடங்கை நெருங்கும். இந்த ஆம்பில் எண்ணூறு வோல்டுக்கு மேல். லோடு சட்டென்று விலகினால் சுருளில் சேர்ந்திருக்கும் ஆற்றல் போக இடமில்லாமல் வோல்டேஜாக எகிறும். வேகமாக ஓடுகிற தண்ணீரைக் குழாயில் ஒரே அடியாக அடைத்தால் குழாயே அதிரும் இல்லையா, அந்த மாதிரி. எண்ணூறு என்பது ஆயிரத்தைத் தாண்டி எங்கே வேண்டுமானாலும் போகலாம். இன்சுலேஷன் எங்கே பலவீனமாக இருக்கிறதோ அங்கே பாயும். இந்த வால்வின் எட்டுப் பின் அடிப்பகுதியில் பிளேட் மூன்றாம் பின், ஹீட்டர் இரண்டாம் பின், இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். ஹீட்டர் கிரவுண்டோடு கட்டியிருக்கும். பாய்வதற்கு அதைவிடக் குறுக்கு வழி கிடைக்காது.

திறந்து பார்த்ததில்

செத்த வால்வில் ஸ்கிரீன், கன்ட்ரோல் கிரிட்டோடு ஷார்ட் ஆகியிருந்தது. அந்த வால்வின் 470 ஓம் ஸ்கிரீன் ரெசிஸ்டர் கருகி ஓப்பன், அதாவது இணைப்பு அறுந்திருந்தது. அதே பக்கத்தில் இருந்த இன்னொரு வால்வின் சாக்கெட்டை டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். இரண்டாம் பின்னுக்கும் மூன்றாம் பின்னுக்கும் நடுவே பென்சிலால் கோடு போட்டது போல ஒரு கருப்புத் தடம். நகத்தால் சுரண்டினால் பொடியாக வந்தது, ஆனால் அடியில் பேக்கலைட்டே கரியாகியிருந்தது. இந்தத் தடம் ஒருமுறை விழுந்துவிட்டால் அதுவே மின்னோட்டத்துக்கு வழியாகிவிடும். அடுத்தடுத்த முறை பாய முன்பு வேண்டியிருந்த வோல்டேஜ் வேண்டாம்.

ஒன்றைக் குறிப்பாகத் தேடினேன், கிடைக்கவில்லை. நான்கு வால்வுகளிலும் பிளேட் உலோகம் நிறம் மாறாமல் இருந்தது. லோடு மிகக் குறைவாக இருந்திருந்தாலோ பயாஸ் தவறியிருந்தாலோ பிளேட் சிவந்து, சாம்பல் நிறத்தில் வெளுத்த திட்டுகள் விழுந்திருக்கும். இங்கே பிளேட் அப்படியே இருக்க ஸ்கிரீன் மட்டும் உருகியிருக்கிறது, சாக்கெட்டில் ஆர்க் அடித்திருக்கிறது. இரண்டும் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன: லோடு இருக்க வேண்டியதைவிட அதிகம்.

டிரான்ஸ்ஃபார்மர் பிழைத்ததா என்பது அடுத்த கேள்வி. வால்வுகளைக் கழற்றிவிட்டு, சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து 1000 ஹெர்ட்ஸில் 1 வோல்டை 4 ஓம் டேப்பில் கொடுத்தேன். பிளேட்டுக்குப் பிளேட் 22 வோல்டுக்குச் சற்று மேல் வந்தது; நடு டேப்பிலிருந்து இருபக்கமும் சமம். சுற்றுகளுக்குள் ஷார்ட் இருந்திருந்தால் ஜெனரேட்டரின் 1 வோல்டே சரிந்திருக்கும். சரியவில்லை. (இரு பாதிகளின் டி.சி. ரெசிஸ்டன்ஸ் கொஞ்சம் வித்தியாசமாகத்தான் இருக்கும். வெளிச்சுற்றில் கம்பி நீளம் கூட. அதைப் பார்த்துப் பயந்து நல்ல டிரான்ஸ்ஃபார்மரைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு.) மெகரில் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) 1000 வோல்ட் வைத்து, பிரைமரிக்கும் இரும்புக்கும், பிரைமரிக்கும் செகண்டரிக்கும் இடையே கசிவு பார்த்தேன். இல்லை.

4000 ஓம் மட்டும் போதுமா

இந்த இடத்தில் வழக்கை முடித்துவிடலாம் போலத்தான் இருந்தது. எட்டு ஓம் பாக்ஸ், நாலு ஓம் டேப், செலக்டரை மாற்றச் சொல்லி அனுப்பிவிடலாம். எனக்கு அது நிறைவாக இல்லை. ஒன்றுக்கு இரண்டு என்ற அளவு வித்தியாசத்தைப் பெரும்பாலான வால்வு ஆம்புகள் பொறுத்துக்கொள்கின்றன. நல்லதில்லை, ஆனால் சில நிகழ்ச்சிகளில் வால்வைச் சாகடிக்கும் அளவுக்குக் கெட்டதும் இல்லை. இன்னும் ஏதோ இருக்க வேண்டும்.

ஆகவே பாக்ஸைக் கொண்டுவரச் சொன்னேன். "அதைப் போன தடவையே மீட்டர் வெச்சுப் பாத்தாங்களே, சரியா இருக்குன்னாங்க" என்றார். உண்மைதான். நான் வைத்தபோதும் மல்டிமீட்டர் 6.3 ஓம் காட்டியது. 8 ஓம் பாக்ஸுக்கு டி.சி.யில் ஐந்தரையிலிருந்து ஏழு வரை வரும்; ஆக நல்ல எண். பதினைந்து அங்குல பாக்ஸ் 5.9, அதுவும் நல்ல எண்.

ஆனால் பாக்ஸ் வேலை செய்யும்போது சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. மீட்டரை மாட்டியபடியே விட்டுவிட்டு, விரல்களை விரித்து ஒவ்வொரு கோனையும் டஸ்ட் கேப்பைச் சுற்றிச் சமமாக, மெதுவாக உள்ளே அழுத்தினேன். கோன் நகரும்போது எண் சற்றுத் துள்ளும், வாய்ஸ் காயில் காந்தத்துக்குள் நகர்வதால் வோல்டேஜ் உண்டாகிறது. அழுத்தி நிறுத்தினால் பழைய இடத்துக்கு வந்துவிடும். முதல் இரண்டும் அப்படித்தான். மூன்றாவதை அழுத்தி நிறுத்தினேன். 12.6. விட்டேன், 6.3. மறுபடி அழுத்தினேன், 12.6.

கழற்றிப் பார்த்தால், ஃப்ரேமிலிருந்து கோனுக்குப் போகிற டின்சல் கம்பி. நூலைச் சுற்றி மெல்லிய செம்பு இழைகளைப் பின்னிய கம்பி அது, கோனோடு சேர்ந்து ஆட வேண்டும் என்பதற்காக அவ்வளவு நெகிழ்வு. கோனிலிருந்து வெளியே வரும் இடத்தில் இழைகள் எல்லாம் அறுந்து, நூல் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. கோன் ஓய்வில் இருக்கும்போது அறுந்த முனைகள் ஒன்றையொன்று தொடும். கோன் தள்ளி நகர்ந்தால் பிரியும். முனைகளில் புகையடித்த கருப்பு. அங்கே பொறி பறந்திருக்கிறது.

இந்த பாக்ஸின் வயரிங், இரண்டு இரண்டாக சீரிஸ், அந்த இரு ஜோடிகளும் பேரலல். ஒவ்வொரு ஸ்பீக்கரும் 8 ஓம். ஒரு ஜோடி 16. இரண்டு 16-கள் பேரலலில் 8. ஒரு ஸ்பீக்கர் ஓப்பன் ஆனால் அதன் ஜோடியும் சேர்ந்து ஊமையாகும், பாக்ஸ் 16 ஓம் ஆகும். 4 ஓம் டேப்பில் அது 8000.

இனி தாழ் பி கம்பியைத் தட்டினால் நடப்பதைப் பார்க்கலாம். மூடிய பாக்ஸில் ரெசொனன்ஸுக்கு (கோன் இயல்பாகவே அதிரும் அதிர்வெண்ணுக்கு) கீழே போகும்போது கோன் அதிகமாக அசையும், ஆனால் சத்தம் அதற்கேற்பக் கூடாது. 31 ஹெர்ட்ஸ் இந்த பாக்ஸுக்கு நல்ல அடியில் இருக்கிறது. கோன் நன்றாக உள்ளே போகும், கம்பி பிரியும், அரை பாக்ஸ் அணைந்து லோடு இரண்டு மடங்காகும். கோன் திரும்பும், மறுபடி ஒட்டும். இப்படி ஒரு நோட்டுக்குள் நொடிக்கு முப்பது முறை. அதுவும் ஆம்ப் அதிக மின்னோட்டம் கொடுத்துக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து. மேல் கம்பிகளில் மெதுவாக வாசித்தால் ஒன்றும் தெரியாது. கரகரப்பு கேட்டால் அது ஓவர்டிரைவ், அதாவது ஆம்பை எல்லைக்கு மேல் தள்ளும்போது வரும் சத்தம், என்று தோன்றும். வால்வு ஆம்பில் ஓவர்டிரைவைக் குறையாக யார் நினைப்பார்கள்?

ஒன்றை ஒன்று தூண்டிய விதம்

பதினைந்து அங்குல பாக்ஸும் கூட இருந்த நாட்களில் மொத்த லோடு 4 ஓம், செலக்டர் 4. எல்லாம் பொருத்தம். அப்போதே அந்தக் கம்பி அறுந்திருந்தாலும், அது பிரியும்போது 8-உம் 16-உம் பேரலலில் 5.3 ஓம்தான். ஆம்புக்கு அது பெரிய விஷயமே இல்லை. பெரிய பாக்ஸ் வீட்டில் தங்கிய பிறகுதான் கணக்கு புரண்டது: ஓய்வில் ஒன்றுக்கு இரண்டு, தாழ் நோட்டில் ஒன்றுக்கு நான்கு.

சத்தம் குறைந்ததும் இதனால்தான். வால்வு கொடுக்கக்கூடிய வோல்டேஜ் வீச்சு ஏறக்குறைய அதேதான். லோடு இரட்டித்தால் பவர் பாதிக்குச் சற்று மேல் நிற்கும். நூறு வாட் ஆம்ப் அறுபது வாட்டுக்குப் பக்கத்தில் கிளிப் ஆகத் தொடங்கும், அதாவது சிக்னலின் உச்சி வெட்டுப்படும். கூடவே ஒரு பாக்ஸும் இல்லை. வாசிப்பவருக்குச் சத்தம் பற்றவில்லை, வால்யூமை ஏற்றுகிறார். ஏற்றியதெல்லாம் கிரிட்டில் கூடுதல் டிரைவ் ஆகிறது. பிளேட் ஏற்கெனவே அடிமட்டத்தில் இருக்கிறது. கூடுதல் டிரைவ் முழுக்க ஸ்கிரீன் தலையில் விழுகிறது. "வால்வு பழசாகிவிட்டது" என்று புது வால்வு போட்டதும் இந்தச் சுழலுக்குள்தான் வந்து சேர்ந்தது.

இதை வெறும் ஊகமாக விட மனமில்லை. பழுது பார்த்த பிறகு, ஸ்பீக்கருக்குப் பதிலாக டம்மி லோடு ரெசிஸ்டர்களை வைத்து, கிளிப் தொடங்கும் டிரைவில் ஸ்கிரீன் ரெசிஸ்டரின் குறுக்கே அளந்தேன். 4 ஓம் டேப்பில் 4 ஓம் லோடு: 4 வோல்ட், அதாவது சுமார் எட்டரை மில்லியாம்பியர். டிரைவை அப்படியே வைத்து லோடை மட்டும் 8 ஓமுக்கு மாற்றினால் 8 வோல்ட், பதினேழு மில்லியாம்பியர். அந்த 6 வாட் வரம்பு தாண்டியாயிற்று. 16 ஓமைச் சோதித்துப் பார்க்கவில்லை. புது வால்வு விலை கொடுத்து வாங்கியது.

"ஸ்பீக்கரே 40 ஓம் வரை போகிறதே?"

விஷயம் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்பார்கள், நியாயமான கேள்வி. 8 ஓம் ஸ்பீக்கர் எல்லா அதிர்வெண்ணிலும் 8 ஓமாகவே நிற்பதில்லை. மூடிய பாக்ஸில் ரெசொனன்ஸில் ஒரு மலை. போர்ட் வைத்த பாக்ஸில் இரண்டு மலைகளும் நடுவே ஒரு பள்ளமும். மேல் அதிர்வெண்ணில் வாய்ஸ் காயிலின் இண்டக்டன்ஸால் மறுபடி ஏறும். இந்தப் பத்து அங்குல பாக்ஸையே அளந்தால் ரெசொனன்ஸில் நாற்பது ஓமைத் தொடுகிறது. அப்படியிருக்க 8-க்கும் 16-க்கும் என்ன இவ்வளவு ஆர்ப்பாட்டம்?

பாக்ஸின் முதுகில் இருக்கும் எண் ஒரு பெயர்தான், ரெசொனன்ஸுக்கு மேலே வளைகோடு தாழ்ந்து கிடக்கும் பகுதியை ஒட்டி வைத்த பெயர். ஆம்பை வடிவமைப்பவருக்கு அந்த மலை இருப்பது தெரியும். அந்த மலையோடு சேர்த்துத்தான் 8 ஓம் டேப்பை வைத்திருக்கிறார். மலை குறுகலானது, பேஸின் ஒரு சில நோட்டுகள்தான் அதில் விழும். டேப் தவறினால் மலை மட்டும் உயராது, பள்ளத்தாக்கும் சேர்ந்து முழு வளைகோடும் உயரும். 8 ஓம் டேப்பில் 40 ஓம் மலை வால்வுக்கு 10,000 ஓமாகத் தெரிந்தால், 4 ஓம் டேப்பில் 20,000. அரை பாக்ஸ் அணைந்தால் அதற்கும் மேலே. மூச்சு வாங்கிக்கொள்ள ஒரு அதிர்வெண் கூட மிஞ்சாது.

டிரான்ஸ்ஃபார்மருக்கும் இதில் பங்கு உண்டு. இரும்புக் கருவில் ஏறும் காந்தப் பாயம், வோல்டேஜை அதிர்வெண்ணால் வகுத்த அளவில் போகும். ஒரே வோல்டேஜில் 41 ஹெர்ட்ஸைவிட 31 ஹெர்ட்ஸில் அது மூன்றில் ஒரு பங்கு கூடுதல். லோடு தவறி வோல்டேஜ் வீச்சு எல்லையை முட்டிக்கொண்டிருக்கும் ஆம்பில் கரு சாச்சுரேட் ஆகும் (அதற்கு மேல் பாயம் ஏற்காத) இடம் இன்னும் நெருங்கிவரும். கிட்டார் ஆம்பில் யாரும் கவலைப்படத் தேவையில்லாத விஷயம் இது. கிட்டாரின் அடிக்கம்பி 82 ஹெர்ட்ஸில் நின்றுவிடும்.

வயரிங்கைப் பொறுத்துப் பழுது

பாக்ஸுக்குள் ஸ்பீக்கர்களை எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்பது ஒலியைவிடப் பழுது வரும்போதுதான் அதிகம் தெரியும். 1969-இல் வந்த ஆம்பெக் எஸ்.வி.டி. 300 வாட் ஹெட்டோடு, எட்டு பத்து அங்குல ஸ்பீக்கர் வைத்த பாக்ஸ் வந்தது. ஒவ்வொரு ஸ்பீக்கரும் 32 ஓம், எட்டும் பேரலலில், மொத்தம் 4 ஓம். அந்த ஹெட் இரண்டு பாக்ஸ்களை ஓட்ட வேண்டும் என்று செய்தது, அதனால் 2 ஓமும் கொடுக்கும். அப்படிப்பட்ட பாக்ஸில் ஒரு ஸ்பீக்கர் ஓப்பன் ஆனால் 32-ஐ ஏழால் வகுக்க வேண்டும், கிட்டத்தட்ட 4.6 ஓம். ஆம்ப் கவனிக்கக்கூட மாட்டாது. ஐம்பதுகளின் இறுதியில் வந்த ஃபெண்டர் பேஸ்மேன் 5எஃப்6-ஏ-இல் நான்கு 8 ஓம் ஸ்பீக்கர்கள் பேரலலில், மொத்தம் 2 ஓம்; ஒன்று போனால் 2.7. சீரிஸ்-பேரலல் பாக்ஸில் அதே பழுது 8-ஐ ஒரே அடியில் 16 ஆக்குகிறது. 32 ஓம் ஸ்பீக்கர் கடையில் எளிதில் கிடைக்காது, 8 ஓம் கிடைக்கும். சீரிஸ்-பேரலல் பரவியதற்கு அந்த வசதியும் ஒரு காரணம். அதைக் குறை சொல்ல முடியாது. வால்வு ஆம்போடு வைத்துக்கொள்பவர் இந்த ஒன்றைத் தெரிந்து வைத்திருந்தால் போதும்.

இதே காரணத்தால், சீரிஸ் ஜோடியில் ஒரு ஸ்பீக்கர் போனால் கையில் கிடைத்த வேறு ஓமில் ஒன்றைப் போடக் கூடாது. 8-உம் 16-உம் சீரிஸில் இருந்தால் மொத்த ஓம் தவறுவது ஒரு பக்கம்; 16 ஓம் ஸ்பீக்கர் அந்த ஜோடியின் பவரில் மூன்றில் இரண்டு பங்கைத் தானே வாங்கிக்கொள்ளும்.

செய்த வேலை

கரித்தடம் விழுந்த சாக்கெட்டைச் சுத்தம் செய்து மறுபடி பயன்படுத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நான்கையும் எடுத்துவிட்டு செராமிக் சாக்கெட் போட்டேன். நான்கு ஸ்கிரீன் ரெசிஸ்டர்களும் புதிது, மேட்ச் செய்த வால்வு செட் புதிது. ஸ்பீக்கரில் புது டின்சல் கம்பி பற்றவைத்தேன். பற்றவைக்கும்போது ஈயம் கம்பிக்குள் ஏறி இழை விறைத்துவிடக் கூடாது. விறைத்த இடத்தில்தான் அடுத்த முறை அறும். நீளமும் பழையதன் அளவே இருக்க வேண்டும். குட்டையானால் இழுபடும், நீண்டால் கோனில் அடித்துச் சத்தம் போடும்.

ஆம்பில் இரண்டு சேர்க்கைகள். பக்கத்துக்கு மூன்றாக 1என்4007 டயோடுகளை சீரிஸில் கட்டி, பிளேட்டிலிருந்து கிரவுண்டுக்கு, வழக்கமாக மின்னோட்டம் ஓடாத திசையில் வைத்தேன். ஒரு பக்கப் பிளேட் பூஜ்யத்துக்குக் கீழே போக முயன்றால் டயோடு பிடித்துக்கொள்ளும். டிரான்ஸ்ஃபார்மர் இரு பக்கத்தையும் கட்டிப்போட்டிருப்பதால் மறுபக்கம் சப்ளையின் இரு மடங்குக்கு மேல் பெரிதாக ஏற முடியாது. இன்னொன்று, 16 ஓம் டேப்புக்கும் கிரவுண்டுக்கும் இடையே நிரந்தரமாக 220 ஓம், 10 வாட் வயர்வவுண்டு ரெசிஸ்டர். நூறு வாட்டில் அந்த டேப்பில் 40 வோல்ட் இருக்கும். ரெசிஸ்டர் ஏழு வாட் சொச்சம் தின்னும், காதுக்குத் தெரியாது. ஸ்பீக்கர் முழுக்கக் கழன்றாலும் டிரான்ஸ்ஃபார்மர் வெறுமையைப் பார்க்காது. இவை எதுவும் தவறான டேப்பில் ஓட்டுவதற்கு அனுமதிச்சீட்டு இல்லை. ஸ்கிரீன் மின்னோட்டத்தை டயோடு ஒன்றும் செய்யாது.

ஸ்பீக்கர் கேபிளையும் பார்த்தேன். தடித்த இரட்டைக் கம்பி, சரியானது. கிட்டார் கேபிளை ஸ்பீக்கருக்குப் போடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதால் சொல்கிறேன்.

இனி எப்படி மாட்டுவது

பத்து அங்குல பாக்ஸ் மட்டும் என்றால் செலக்டர் 8. இரண்டு பாக்ஸும் என்றால் 4. ஹெட்டின் இரண்டு ஜாக்கும் பேரலல். பாக்ஸின் பின்னால் இருக்கும் இரண்டாவது ஜாக் வழியாகத் தொடர்ந்தாலும் பேரலல்தான். மாற்றுவதெல்லாம் ஆம்பை அணைத்த பிறகு. முதல் நாளே 8-இல் வைத்து வாசித்துப் பார்த்தவர், "வெறும் சுவிட்சுக்கா இவ்வளவு வித்தியாசம்?" என்றார்.

பொருத்தமான டேப்பே இல்லாத நேரமும் வரும். உதாரணமாக 8 ஓம் பாக்ஸோடு 4 ஓம் பாக்ஸைச் சேர்த்தால் 2.7 ஓம், அப்போது 4 ஓம் டேப், அளவான வால்யூம். இங்கே மேலே தவறுவதைவிடக் கீழே தவறுவது மேல் என்பது என் கருத்து. பேஸ் வாசிப்பவருக்கு அது இன்னும் பொருந்தும். அந்தச் சேர்க்கையில் 4 ஓம் பாக்ஸ் பவரில் மூன்றில் இரண்டு பங்கை எடுக்கும், அதையும் மனதில் வைக்க வேண்டும்.

தெரியாத பாக்ஸை மேடையில் யாராவது கொடுத்தால், முதுகில் என்ன எழுதியிருந்தாலும், கேபிளின் ஆம்ப் பக்க முனையில் மீட்டரை வைத்துப் பார்ப்பது நல்லது. மூன்று, மூன்றரை வந்தால் 4 ஓம் பாக்ஸ். ஆறு சுற்றி வந்தால் 8. பதினொன்று முதல் பதின்மூன்று வந்தால் ஒன்று 16 ஓம் பாக்ஸ், இல்லையென்றால் பாதி செத்த 8 ஓம் பாக்ஸ். கிரில் கழற்ற முடிந்தால் கோனை அழுத்தியபடி பார்க்கலாம். முடியாவிட்டால் கேபிளை ஆட்டியாவது பார்க்கலாம்.

டிரான்ஸ்ஃபார்மர் எல்லாச் சோதனையிலும் தேறியது என்றாலும், உள்ளே இன்சுலேஷன் எவ்வளவு அடி வாங்கியிருக்கிறது என்பதை மெகர் முழுதாகச் சொல்லிவிடாது. 1000 வோல்ட் டி.சி.யைத் தாங்குவது, சூடேறிய நிலையில் கூர்மையான எகிறலைத் தாங்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அவரிடம் இதைச் சொல்லியே கொடுத்தேன். பாக்ஸும் செலக்டரும் சரியாக இருந்து, மறுபடி அதே பக்கத்து வால்வு போனால், வால்வு வாங்கப் போக வேண்டாம்; டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்ற வேண்டியிருக்கும்.